தெப்பக்குளத்தை ஒரு சுற்று

(2025 ஜனவரியில் நடந்த முன்னாள் மாணவியர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியபடியே பெரும்பாலும் எழுதித் தந்திருக்கிறேன்.)

இன்றைக்கும் நாங்கள் வராந்தாவில் சத்தம் போட்டால் திரும்பிப் பார்த்து முறைக்கிற என் ஆசிரியைகளே, 1983 முதல் 1986 வரை ஒரே ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்ட என் தோழிகளே, "இந்த ஆன்ட்டி எப்ப முடிப்பாங்க, எப்ப சாப்பாடு போடுவாங்க" என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்றைய மாணவியரே!

செயலாளர் எனக்குப் போன் செய்து, "புற்றுநோயை வென்ற வெற்றி நடை என்று தலைப்புப் போட்டுவிட்டோம், பத்து நிமிஷம் பேசுங்க" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வென்றேனா என்பது எனக்கே இன்னும் தெரியாது. தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருஷம் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் இன்னும் முதல் வருஷமே முடியவில்லை. நடை என்று பார்த்தால், நான் நடந்தது தெப்பக்குளத்தை ஒரே ஒரு சுற்று. அதுவும் எங்க வீட்டுக்காரர் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வர, நான் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்த சுற்று. ஆகவே தலைப்பை மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். அதற்கு முதலில் நன்றி.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இந்தக் கல்லூரியில் படித்தது விலங்கியல். நிணநீர் மண்டலம் படம் வரையச் சொன்னால், பச்சைக் கலர் பென்சிலை எடுத்து, கழுத்தில், அக்குளில், இடுப்பில் என்று முடிச்சு முடிச்சாகப் போட்டு அழகு பண்ணுவேன். என் ரெக்கார்ட் நோட்டை எங்கள் மிஸ் அடுத்த பேட்சுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். நம் ஊரில் நெறி கட்டுகிறது என்று சொல்கிறோமே, அதே முடிச்சுகள்தான். மார்பில் வருகிற நோய் முதலில் அக்குள் முடிச்சுக்குத்தான் போகும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் என்ன செய்தேன் தெரியுமா? 2023-இல் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். அலைந்து திரிந்துவிட்டு வந்த களைப்பில் காலையில் தாமதமாகக் குளிக்கப் போனேன். இடது மார்பில், மேல் பக்கம், அக்குளை ஒட்டி, சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலியே இல்லை. வலிக்காத கட்டியைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, இட்லிக்குச் சட்னி அரைத்தேன்.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தோம். கல்யாணம் முடியட்டும் என்று மனசு சொன்னது. இப்போது போய்க் காட்டி, இன்னது என்று சொல்லிவிட்டால், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும். "தாய்க்கு வந்திருக்கு, பொண்ணுக்கும் வருமோ" என்பார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஆக நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. எங்க வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணப் போட்டோவில் எல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆல்பத்தைப் புரட்டினால் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை தெரியும். எனக்கு என் இடது கை ரவிக்கை ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் தெரிகிறது.

மறுவீடு முடிந்து பிள்ளைகள் கிளம்பிப் போன அன்றைக்கு ராத்திரி அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் எழுந்து போய் நிறுத்தத் தோன்றவில்லை.

அக்டோபரில் ஆபரேஷன். மார்பை முழுக்க எடுத்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே நான் பாதி நாளைக் கடத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு எடுக்கவில்லை. கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால், தகுந்த நோயாளிகளுக்கு ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று 1980-களிலேயே பெரிய ஆய்வுகள் செய்து காட்டிவிட்டார்கள். அதாவது நான் இங்கே பச்சைப் பென்சிலால் படம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே! யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் போய்க் காட்டினால்தானே அவர் சொல்ல முடியும்?

அக்குளிலிருந்து பதினாறு முடிச்சுகளை எடுத்தார்கள். அதில் மூன்றில் நோய் இருந்தது. "மே மாசமே வந்திருந்தா எத்தனையில இருந்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தக் கணக்கு இன்றைக்கும் விடை இல்லாமல்தான் கிடக்கிறது.

சிகிச்சையைப் பற்றி விலாவாரியாகச் சொன்னால் சாப்பாடு இறங்காது, சுருக்கிக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள், மொத்தம் எட்டு முறை. முதல் நான்கும் சிவப்பு மருந்து. ரஸ்னா மாதிரிதான் இருக்கும். வார்டில் எல்லோருக்கும் அதன் பெயரே 'சிவப்பு மருந்து'தான். அடுத்த நான்கும் வேறொரு மருந்து. அது என் பாதத்தை மரத்துப் போகச் செய்துவிட்டது. ஒரு கால் செருப்பு வாசலில் கழன்று கிடக்க, அது தெரியாமலே தெருமுனை வரை போய்விட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் வலது கைக்குத்தான், பாவம். இடது கையைச் சுவரில் வைத்து, விரலாலேயே பூச்சி ஏறுவது மாதிரி மேலே ஏற்ற வேண்டும் என்று உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் சொன்னாள். அன்றன்றைக்கு விரல் எட்டின இடத்தில் எங்க வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். அதே சுவரில் பக்கத்திலேயே எங்கள் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகளும் இருக்கின்றன. வெள்ளையடிக்க விடாமல் வைத்திருக்கிறோம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

சிவப்பு மருந்து ஏற்றிய மூன்றாம் வாரம் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மொட்டையே அடித்துவிட்டேன். எங்கள் வீடு அனுப்பானடிப் பக்கம். காலையில் தெப்பக்குளத்துக் கரையில் நடக்க வருகிறவர்களுக்குக் கீரை விற்கிற அம்மா ஒருவர் உண்டு. எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அரைக்கீரை கேட்டால், "இன்னைக்கு அரைக்கீரை வேணாம்க்கா, பூச்சி இருக்கு, சிறுகீரை கொண்டு போங்க" என்று வியாபாரத்தையே கெடுத்துக்கொள்கிற ஆள். 2024 பொங்கல் முடிந்த சமயம், முக்காட்டை மீறித் தலையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பழனிக்கா போய்ட்டு வந்தீக?" என்றார்.

"ஆமாம்மா, மக கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுல்ல, வேண்டுதல்" என்றேன்.

தைப்பூச நேரம் வேறு. யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குப் பிறகு வங்கியில் கேட்டவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்கும், சம்பந்தி அம்மாவுக்கும் அதே பதில்தான். பொய்யை எல்லாம் முருகன் கணக்கில் எழுதிவிட்டேன். அந்தம்மா மட்டும், "முருகா" என்று என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் திருத்திச் சொல்லவில்லை.

கதிர்வீச்சு முடிந்தது ஜூனில். அதற்குப் பிறகு வந்த அசதி இருக்கிறதே, அது தூங்கித் தீர்க்கிற அசதி இல்லை. குக்கரைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பார்க்க வந்த உறவினர் எல்லாம், "படுத்தே இரும்மா, அலட்டிக்காத" என்றார்கள். டாக்டர் நேர்மாறாகச் சொன்னார்: நடங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இந்த அசதிக்கு மருந்தே அதுதான். முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது மின்கம்பம் வரை நடந்தேன். மறுநாளும் இரண்டுதான். ஆடி முடிவதற்குள் பதினொன்று ஆயிற்று. மழை பெய்தால் ஹாலுக்குள்ளேயே, டிவிக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவில்.

அப்போதுதான் நகரத்துச் சேவைச் சங்கங்கள் சில சேர்ந்து, மார்பகப் புற்றுநோய் நிதிக்காகத் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை ஏற்பாடு செய்கிறார்கள் என்று எங்கள் வங்கித் தோழி ஒருத்தி சொன்னாள். கட்டணம் 200 ரூபாய். மூன்று சுற்று. முடியாதவர்கள் ஒரு சுற்று. தெப்பக்குளம் ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். திருமலை நாயக்கர் எனக்காகவே அளந்து வெட்டியது மாதிரி இருந்தது.

இளைய மாணவியருக்காக ஒரு வார்த்தை. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது, படகு விடுகிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் வருஷத்தில் பெரும்பாலான நாள் உள்ளே கிரிக்கெட்தான் நடக்கும். தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் கிடைத்தால் தெப்பம் மிதக்கும், கிடைக்காத வருஷம் நிலைத் தெப்பம். நடு மண்டபம் வரை நாங்கள் காலாலேயே நடந்து போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்து, வார்டனிடம் கோயிலுக்குப் போனோம் என்று சொல்லியிருக்கிறோம். (வார்டன் முன்வரிசையில் இருக்கிறார்கள். மன்னிக்கணும் மேடம்.) பொய் எனக்குப் பழைய பழக்கம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நடப்பதில்தான் இருந்தது. பட்டப்பகலில், ஊர் நடுவில், ரோஸ் கலர் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நடந்தால் போட்டோ எடுப்பார்கள், பேப்பரில் வரும், சம்பந்தி வீட்டில் பார்ப்பார்கள். ஒரு வாரம் தூக்கம் இல்லை. கடைசியில் மகள்தான் போனில் சொன்னாள்: "எங்க வீட்ல யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்மா. நீ நட."

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நவராத்திரி நேரம். காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். நர்சிங் மாணவிகள், என்.சி.சி. பிள்ளைகள், தினம் நடக்க வருகிற பெரியவர்கள். ஐம்பத்தெட்டு வயதில் என் வாழ்நாளின் முதல் டீ-ஷர்ட்டை, சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு நின்றேன். சிகிச்சை பெற்றவர்களுக்கு மட்டும் தோளில் போட்டுக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பதினைந்து பட்டைகள் தைத்திருந்தார்களாம், வாங்கினவர்கள் ஆறு பேர். போட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

தொடங்கி வைத்தவர் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிப் பேசினார். கனடா நாட்டுப் பையன். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவன். 1980-இல், செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டின் குறுக்கே ஓடினான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினான். மறு வருஷம் இறந்து போனான், 22 வயதுதான். கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. அதே சமயம் பக்கத்தில் எங்க வீட்டுக்காரர் ஸ்டூலோடு நின்றதைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது. டெர்ரி ஃபாக்ஸுக்கும் நமக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. என் மனசுக்குப் பக்கத்தில் இருப்பவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான். தங்கை புற்றுநோயில் 1923-இல் இறந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர். அதை மனசில் வைத்திருந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி நிதி சேர்த்து, அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-இல். தொடங்கும்போது 12 படுக்கைகள். முப்பது வருஷம் ஒருவர் மனசில் ஒரு காரியம் நின்றிருக்கிறது பாருங்கள்.

நடந்தேன். முதல் பக்கம் சுலபம். மேளம் அடித்தார்கள், நர்சிங் பிள்ளைகள் கோஷம் போட்டார்கள். இரண்டாவது பக்கத்தில் மூச்சு வாங்கியது. மரத்த பாதத்தோடு நடப்பது மெத்தை மேல் நடப்பது மாதிரி, தரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவதாக அனுப்பானடிக்குத் திரும்புகிற முனையில் ஸ்டூலைப் போட்டார். எதிரே கீரைக் கூடை.

"என்னக்கா, எல்லாரும் ரோஸ் சட்ட போட்டுருக்கீக? கட்சியா?"

"இல்லம்மா. மார்புல புத்துநோய் வர்றவங்களுக்காக நடக்குறோம்."

"அதுக்கு நீங்க எதுக்கு நடக்குறீக?"

ஒரு நிமிஷம் அவருடைய கூடையையே பார்த்தேன். "எனக்கும் வந்துச்சும்மா" என்றேன்.

அவர் கையில் இருந்த கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அது பழனி மொட்டை இல்லையா?"

"இல்ல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "எனக்கும் ஒன்னு இருக்குக்கா. பங்குனியிலருந்து. வலிக்கல, அதான் விட்டுட்டேன்" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு தொண்டர் பெண் ஓடி வந்தாள். "மேடம், பட்டை வாங்கினவங்க எல்லாம் மேடைக்கு வாங்க, போட்டோ எடுக்கப் போறாங்க, சீஃப் கெஸ்ட் கிளம்புறாங்க" என்று கையைப் பிடித்தாள். "இருங்கம்மா, இந்தா வந்துர்றேன்" என்று கீரைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன். மீதிப் பக்கத்தை நடந்து, மேடை ஏறி, கேடயம் வாங்கி, போட்டோவுக்கு நின்று, இறங்கித் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூடையையும் காணோம், ஆளையும் காணோம்.

அந்தக் கேடயம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஏன் எழுந்து போனேன் என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்து வருஷமாகக் கீரை வாங்கியிருக்கிறேனே தவிர, வீடு எது என்று கேட்டதில்லை, பேர்கூடத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் தினம் காலையில் நான்கு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இளநீர்க்காரர், பால்காரர் என்று விசாரித்து, ஐராவதநல்லூர்ப் பக்கம் ஒரு சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது தீபாவளி நெருங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் உள்ளே போகப் பார்த்தார்.

"உங்களக் கண்டா ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவீகன்னுதான் அங்கிட்டு வரல" என்றார். ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு என்றேன். வீட்டுக்காரருக்கு லாரி செட்டில் மூட்டை தூக்குகிற வேலை, சின்னவள் பிளஸ் டூ, "நான் படுத்துட்டா யாரு யாவாரம் பாக்குறது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானே நான்கு மாதம் மறைத்தவள், இவரை எந்த வாயால் திட்டுவது? அதைத்தான் சொன்னேன். மே மாசம், கல்யாணம், பதினாறு முடிச்சு எல்லாவற்றையும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்:

"அன்னைக்குப் பழனின்னு சொல்லாம, இதுன்னு சொல்லிருந்தீகன்னா, பங்குனியிலயே உங்கட்ட வந்து கேட்டுருப்பேன்லக்கா."

குற்றம் சொல்கிற குரலில்கூடச் சொல்லவில்லை. கீரை விலை சொல்கிற குரலில் சொன்னார். பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையில் ஏழு மாதம்.

நவம்பரில் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். அதேதான். கட்டி பெரிதாகிவிட்டதால் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு, பிறகுதான் ஆபரேஷன். டிசம்பர் முதல் வாரம் ஆரம்பித்தது. இதுவரை மூன்று முறை சிவப்பு மருந்து ஏறியிருக்கிறது. கட்டி சுருங்குகிறது என்கிறார்கள். முடி போய்விட்டது. யார் கேட்டாலும், "பழனி இல்ல, புத்துநோய்" என்று பட்டென்று சொல்லிவிடுகிறார். எனக்கு அந்தத் தைரியம் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.

சம்பந்தி வீட்டில் பேப்பரைப் பார்த்தார்கள். "வம்சத்துல வேற யாருக்காவது உண்டா" என்று மகளிடம் கேட்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் என்று அவள் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு வந்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள். சம்பந்தி அம்மா என்னிடம் முன்பு மாதிரி பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை. இதை மறைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உங்களிடம் சொல்ல விருப்பமில்லை. பொய் சொன்னது போதும்.

நடையில் சேர்ந்த பணம் எங்கே போனது என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் நடந்துவிடுகிறது. அட்டை கொடுக்காத செலவுகள்தான் ஆளைச் சாய்க்கின்றன. கதிர்வீச்சு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரமோ ஐந்து வாரமோ தினம் போக வேண்டும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் கமுதிப் பக்கத்திலிருந்து வருகிறவளுக்கு அந்த பஸ் உதவாது. போக வர டிக்கெட், மத்தியானச் சாப்பாடு, போன கூலி. இதற்குப் பயந்தே பாதியில் நின்றுவிடுகிறார்கள். நடைப் பணத்தைப் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், கணக்கை நான் பார்த்தேன். வங்கிக்காரி, பார்க்காமல் விடுவேனா?

பணத்தால் ஆகாத செலவு ஒன்று இருக்கிறது. மருந்து ஏற்றுகிற அன்றைக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். மருந்துச்சீட்டைக் கொண்டு ஓட, பாட்டில் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட, பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போக. நிறையப் பெண்களுக்கு அந்த ஆள் இல்லை. புருஷனுக்கு வேலை, மகனுக்கு வெளியூர். தனக்கு என்று வந்தால் இப்படித் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிற பெண்களை நான் என் எட்டு முறையிலும் பார்த்தேன். இந்தியாவில் 2022-ஆம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது என்கிறது உலக அளவிலான புற்றுநோய்க் கணக்கு. அத்தனை பேருக்கும் நம்மால் துணை போக முடியாது. நம் சங்கத்தில் மதுரையிலேயே இருப்பவர்கள், ரிட்டையர் ஆனவர்கள் என்று பார்த்தால், போகக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மூன்று வாரத்தில் ஒரு நாள்தான். வாரப் பத்திரிகை ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், பேச வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை.

இந்த ஹாலில் முந்நூறு பேர் இருக்கிறோம். என்னை மாதிரி ஈரத் துண்டோடு வெளியே வந்து சட்னி அரைத்தவர் யாராவது இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு நான் அந்த வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஸ்டூல் கொண்டு வந்திருக்கிறேன்.

வெளியே பதிவு மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. துணைக்குப் போக முடிந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். கீரைக்காரம்மாவுக்கு நாலாவது முறை பிப்ரவரி 6, வியாழக்கிழமை. அன்றைக்கு நான் போகிறேன். அதற்கடுத்தது பிப்ரவரி 27. அன்றைக்கு எனக்கே செக்கப் இருக்கிறது, அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.